அமரும் உரிமையும் அமராத பழக்கமும்

மேலாண்மைப் பாடநூல்களில் கொள்கை என்பது மேலிருந்து கீழிறங்குவது. இயக்குநர் குழு வகுக்கும், மனிதவளப் பிரிவு எழுதும், ஊழியர் பின்பற்றுவர். கேரளத்து ஜவுளிக்கடைகளின் அண்மை வரலாறு இதற்கு நேர்மாறானது. ஆனால் கழக்கூட்டத்து டெக்னோபார்க்கின் நிறுவனப் பண்பாட்டை ஆராய ஆர்வம் காட்டும் நாம், அதே திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவுக்குள் ஆய்வாளராக நுழைவது அரிது.

விற்பனைப் பெண்கள் பணிநேரம் முழுதும் நின்றே இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் எழுதி வைக்கப்பட்ட விதியன்று. வாடிக்கையாளர் நிற்கையில் ஊழியர் அமர்வது மரியாதைக் குறைவு என்ற எண்ணமே அங்கு விதியாயிற்று. எழுதப்படாத விதியை எதிர்த்து யாரிடம் முறையிடுவது? கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில், தையல் தொழிலாளியான விஜி முன்னின்று உருவாக்கிய 'பெண்கூட்டு' அமைப்பு முதலில் கேட்டது கழிப்பறை. அது இல்லாமையால் பெண்கள் நாளெல்லாம் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்து வந்தனர். அடுத்து எழுந்தது இருக்கைக்கான கோரிக்கை. 2014 டிசம்பரில் திருச்சூரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் பெண் ஊழியர்கள் தொடங்கிய போராட்டம் நூறு நாட்களைக் கடந்தது. கடைக்குள் மறுக்கப்பட்ட செயலையே அவர்கள் கடைக்கு வெளியே போராட்ட வடிவமாக்கினர்.

2018 அக்டோபரில் கேரள அரசு, 1960ஆம் ஆண்டின் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தை அவசரச் சட்டத்தின் வழியே திருத்தி, ஊழியர் அமர இருக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் தன் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. 'அங்காடித் தெரு' திரைப்படம் 2010இலேயே ரங்கநாதன் தெருவின் துயரை நம் கண்முன் வைத்துவிட்டது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பார்வையாளரின் இரக்கம் சட்டமாகவில்லை. தொழிலாளர் அமர்ந்ததே சட்டமாயிற்று.

எனினும் கதை இத்துடன் முடியவில்லை. பணியினிடையே வாய்ப்புக் கிட்டும்போது அமரலாம் என்பதே இச்சட்டங்களின் சாரம். அந்த 'வாய்ப்பு' எப்போது கிட்டுகிறது என்பதை யார் தீர்மானிப்பது? எட்கர் ஷைன் நிறுவனப் பண்பாட்டை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார்: கண்ணுக்குத் தெரியும் பொருள்கள், வாயால் சொல்லப்படும் விழுமியங்கள், யாரும் பேசாத அடிப்படை நம்பிக்கைகள். முக்காலி முதல் அடுக்கு. சட்டம் இரண்டாவது. மூன்றாவது அடுக்கை எந்தத் திருத்தமும் தொடவில்லை.

ஓணத்துக்கு முந்தைய வாரம் நகரின் ஒரு துணிக்கடையில் இதைக் கண்டேன். விற்பனை மேசைக்குப் பின்னே முக்காலிகள் இருந்தன. அவற்றின் மீது மடித்த புடவைகள் இருந்தன. வாடிக்கையாளர் யாருமில்லாத வேளையிலும் பெண்கள் நின்றுகொண்டிருந்தனர். ஒருவரிடம் காரணம் கேட்டேன். "சேச்சிமார் உட்கார மாட்டாங்க, அப்புறம் நான் மட்டும் எப்படி?" என்றார் அந்த நாகர்கோவில் பெண். தள மேற்பார்வையாளர் அமர வேண்டாம் என்று எப்போதாவது சொன்னதுண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்று தலையசைத்தார். மூத்தவர்களும் என்றோ யாரோ ஒருவரைப் பார்த்துத்தான் இதைக் கற்றிருப்பர். ஊழியரின் நடத்தை கொள்கையை ஆக்கவும் செய்கிறது. அதே நடத்தை அதை வெற்றுத்தாளாக்கவும் செய்கிறது. இதில் பழி ஊழியருடையதன்று. முதலில் அமர்பவர் கொடுக்க வேண்டிய விலையை அறிந்தவர்கள் அவர்கள். அந்தத் தயக்கத்தைக் கலைக்கும் பொறுப்பு மேற்பார்வையாளருடையது. வாடிக்கையாளர் முன்னிலையில் அவரே ஒருமுறை அமர்ந்து காட்டலாம்.

நம் ஆய்வு முறைக்கும் இதில் பங்குண்டு. "தங்கள் பணியிடத்தில் இருக்கை வசதி உள்ளதா?" என்ற வினாவுக்கு அக்கடையின் அனைவரும் 'ஆம்' என்றே குறிப்பர், ஐந்து புள்ளி அளவுகோலில் அக்கடை உயர்ந்தே நிற்கும். "இன்று எத்தனை முறை அமர்ந்தீர்கள்?" என்று கேட்கும் வினாத்தாளை நான் இதுவரை கண்டதில்லை. கண்டவர்கள் கீழே குறிப்பிடுங்கள். களப்பணி தொடங்குமுன் பார்க்க விரும்புகிறேன்.