மும்மொழி மேடையும் ஒருமொழிச் சட்டமும்

1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்னும் மசோதா பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. அதே ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி, கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் பேராசிரியர் சரத்சந்திரவின் 'மனமே' மேடையேறிற்று. சிங்கள நாடகத்தின் மறுமலர்ச்சி என்று போற்றப்படும் அந்நாடகம் எந்த மரபில் எழுந்தது? கத்தோலிக்கக் கரையோரத்தில் ஆடப்பட்ட 'நாடகம' மரபில். அதன் வேரோ நமது கூத்து. சட்டம் பிரித்ததை மேடை சேர்த்து வைத்திருந்தது. சட்டம் படித்தவன் இதனை ஒப்புக்கொள்வது சற்றே கசப்புத்தான்.

அக்கொழும்பு மேடை உருவாக்கிய தமிழர் ஒருவர் ஏ. தாசீசியஸ். ஆசிரியர், நடிகர், நெறியாளர். ஏர்ணஸ்ட் மக்கின்ரயர் நடத்திய ஆங்கில அரங்கில் பயின்றவர். சிங்கள அரங்கின் புதுமைகளை அருகிருந்து கண்டவர். பிறமொழி மேடையேறினால் தமிழ் தேய்ந்துவிடும் என்று அஞ்சுவோர் நம்மிடையே இன்றும் உளர். அவர்கள் இவர் செய்ததைப் பார்க்கட்டும். கற்றதனைத்தையும் தமிழ் மேடைக்கே கொணர்ந்தார். மஹாகவியின் 'கோடை', 'புதியதொரு வீடு' ஆகிய பா நாடகங்களை நெறிப்படுத்தினார். ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பேசிய 'கந்தன் கருணை'யில் கூத்தின் ஆட்டமும் பாட்டும் புதுப்பொருள் பெற்றன. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியபோது அங்கும் பயிற்சியளித்தார்; மீனவர் துயருரைத்த 'பொறுத்தது போதும்' அந்நாட்களின் விளைவே. ஆங்கில அரங்கைக் கற்றவர் அல்லவா கூத்தின் அருமையை உணர்ந்தார்!

பின்னர் அவர் இலண்டன் சென்றார், வானொலியில் உழைத்தார். 2006ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது, கனடாவிலிருந்து. அவருடைய ஆசான் மக்கின்ரயரோ அவுஸ்திரேலியா சென்றார்.

அங்கிருந்து மக்கின்ரயர் 1990இல் எழுதிய ஆங்கில நாடகம் 'இராசநாயகத்தின் கடைசிக் கலவரம்'. கலவரந்தோறும் சிங்கள நண்பர் வீட்டில் அடைக்கலம் புகும் தமிழர் ஒருவரின் கதை. வாளிக்குச் சிங்களத்தில் வழங்கும் சொல்லைப் பிழையற உச்சரித்தால் உயிர் தப்பலாம். நண்பர் குடும்பம் அதனைப் பழக்கிக் கொடுத்திருந்தது. 1983இல் இராசநாயகம் அச்சொல்லைச் சொல்ல மறுக்கின்றார். நடிகன் ஆர்வத்தோடு கற்கவேண்டிய அயல்மொழி உச்சரிப்பு, வெள்ளவத்தைத் தெருவிலே உயிர்ப்பரீட்சை ஆயிற்று. அந்த ஜூலையைக் காலி வீதியில் கண்டவர்களுக்கு இது கற்பனையன்று.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. ஏட்டிலே எல்லாம் இருக்கின்றது. வகுப்பறையிலோ? 'நாடகமும் அரங்கியலும்' பாடசாலைப் பாடமாக இருக்கின்றது. ஆயினும் தமிழ் மாணவன் தமிழிலும், சிங்கள மாணவன் சிங்களத்திலும் தனித்தனியே பரீட்சை எழுதிப் போகின்றனர். 'மனமே'க்குக் கூத்து என்ன உறவு என்று இருவரும் ஒரே மேடையில் ஆடிப் பார்ப்பதற்கு இடமெங்கே?

நாம் கேட்பது பெரிதன்று. வெள்ளவத்தையில் ஒன்றும் கொட்டாஞ்சேனையில் ஒன்றுமாக இரு தமிழ்ப் பாடசாலைகளைத் தெரிந்து, அயலிலுள்ள சிங்களப் பாடசாலைகளோடு இணைத்து, ஆண்டுக்கொரு நாடகத்தை இரு மொழியிலும் மேடையேற்றக் கல்வி அமைச்சு ஒழுங்கு செய்யட்டும். மும்மொழியும் அறிந்த அரங்க ஆசிரியர் இருவரை நியமிக்கட்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.