ஆளைக் குறைக்குமுன்

தில்லியில் நம் பல்கலைக் கழக வாயிலருகே சாப்பாட்டுக் கடை நடத்தும் தமிழர், மின்கட்டணம் தாங்காமல் பரிமாறுபவர் ஒருவரை நிறுத்தப் போகிறாராம். ஆளைக் குறைக்குமுன் மின்சாரத்தை அளக்க வேண்டாமா?

அங்கே பத்து விசிறிகள். ஒவ்வொன்றும் 75 வாட். கோடையில் நாளைக்கு 12 மணி நேரம் சுழன்றால் 9 யூனிட் செலவு. 30 வாட்டில் சுழலும் பி.எல்.டி.சி. விசிறிகளானால் 3.6 யூனிட்டே. மாதம் 162 யூனிட் மிச்சம்! புது விசிறிக்கு முதல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், ஆளில்லா மேசைக்கு மேல் சுழலும் விசிறியை நிறுத்த முதல் எதற்கு?

விஞ்ஞானம் பயிலும் நண்பர்களே! ஒரு மாலைப் பொழுது சென்று கணக்கெடுத்துக் கொடுப்போம். உழைப்பவர் கூலியில் கைவைக்குமுன், வீணாகும் யூனிட்டில் கைவைப்பதன்றோ நியாயம்!