ஸ்பீக்கருக்குக் கால் வாங்கலாமா?

அடெல்ஃபி கட்டடத்து ஹை-ஃபை கடைகளைச் சுற்றிவந்த நண்பர் கேட்டார்: “அதிர்வைத் தடுக்கும் கால் வாங்கலாமா?”

இசைத்தட்டு கேட்பவர் தாராளமாக வாங்கலாம். ஊசி படிப்பதே நுண்ணிய அதிர்வைத்தான். பிள்ளை குதிப்பதையும் சேர்த்தே படித்துவிடும். ஸ்டூடியோவில் மைக்கை ரப்பர் நாடாவில் தொங்கவிடுவதும் இதற்காகத்தான். ரப்பரோ ஸ்பிரிங்கோ, கருவியின் எடையைச் சொல்லி வாங்குங்கள். எடைக்கேற்ப அமுங்காத கால் வெறும் அலங்காரம்.

ஸ்பீக்கருக்கும் உதவும். வீவக வீட்டில் தரைவழியே கீழ்வீட்டுக்கு இறங்கும் பேஸ் குறையும். காற்றில் போவதைக் குறைக்க ஒலியளவைத்தான் குறைக்கவேண்டும். இரவு பத்து மணிக்குமேல் அதுவே உறவுக்கு நல்லது!

கைப்பேசிப் பாட்டை ஆம்ப்ளிஃபையரில் கேட்பவரா? அசையும் பாகமே இல்லாத அந்தப் பெட்டிக்குக் கால் எதற்கு? அந்த வெள்ளியை நல்ல ஸ்பீக்கருக்குச் சேர்த்துவையுங்கள்.