தள்ளுபடி யார் தலையில்?

'ஆலை விலைக்கே துணி' என்ற பலகையைப் பார்த்துப் பலரும் இது புதுமை என்று எண்ணுகிறார்கள். இடைத்தரகரின்றி விற்பது தமிழருக்குப் பழைய சங்கதி. நெசவாளர் சங்கங்களின் துணியை விற்க, சென்னை மாகாணத்தில் 1935-ல் தோன்றியது கோ-ஆப்டெக்ஸ். சித்தூர் அன்று அந்த மாகாணத்தில்தான் இருந்தது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது. 1960-ல் திருத்தணி தமிழகம் திரும்பியது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. ஆந்திர நெசவாளர் சங்கங்களுக்கு 1976-ல் ஆப்கோ அமைந்தது.

எல்லை மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: தள்ளுபடியை யார் சுமப்பது? விலைச்சீட்டில் கூட்டிப் போட்டுப் பிறகு குறைத்தால், சுமப்பவர் வாங்குபவரே. கைத்தறிக்கு வேறு வழி வகுக்கப்பட்டது. 1953-ல் வந்த சட்டப்படி ஆலைத்துணிக்கு வரி விதித்து, அந்தப் பணத்தில் கதரையும் கைத்தறியையும் ஆதரித்தார்கள். நெசவாளியின் கூலியில் கை வைக்காமல் விலை குறைக்க அது உதவியது.

ஆனால் அரசு தரவேண்டிய தள்ளுபடித் தொகை தாமதித்தால் சங்கத்தில் பணம் முடங்கும்; நெசவாளி வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே அரசுகள் அதைக் காலத்தில் கொடுத்தாக வேண்டும். விசைத்தறி பெருகிய இந்நாளில், பண்டிகைக்குத் துணி எடுக்கும் நம்மவர்களும் 2006-ல் வந்த கைத்தறி முத்திரையைக் கேட்டு வாங்கட்டும். மலிவு நல்லதுதான், அது இன்னொருவர் வயிற்றில் அடித்ததாக இருக்கக் கூடாது.