திறந்து பார்க்காத எஞ்சின்

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் சென்னையின் கார் பணிமனை முற்றங்களில் சேறு அப்பிய வண்டிகள் வாரக்கணக்கில் வரிசைகட்டி நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்தபின் மறுபடியும் அதே காட்சி. காட்சியோடு கூடவே ஒரு வாக்கியமும் திரும்பி வந்தது: "எஞ்சின் போயிடுச்சு சார், மொத்தமா மாத்திடணும்." நமது சண்டை இந்த வாக்கியத்தோடுதான். எஞ்சினை மாற்றவே கூடாது என்பது நம் கட்சி அல்ல. ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், ஒரு அளவுகூட எடுக்காமல் இதைச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்கிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள், நூலைப் பிரிக்காமலே மதிப்புரை எழுதுபவர்கள்மேல் நாம் காட்டும் கோபத்தை நினைவுகூரட்டும்.

நீரில் மூழ்கியதாலேயே எஞ்சின் செத்துவிடுவதில்லை. 1200 சி.சி. கொண்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 300 சி.சி. அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று என்றால், பிஸ்டன் உச்சியைத் தொடும்போது மேலே எஞ்சும் இடம் ஏறத்தாழ 33 மில்லி. அங்கே காற்று அழுந்தும், நீர் அழுந்தாது. மூச்சுக்குழாய் வழியே அதைவிடக் கூடுதலாக நீர் புகுந்துவிட்டால் மேலேறும் பிஸ்டன் முட்டி நிற்கும், அதைத் தள்ளிக்கொண்டு வரும் கனெக்டிங் ராடு வளையும். டீசல் எஞ்சினில் அந்த இடம் இன்னும் குறுகல். குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடை அளவு நீரே அங்கே போதும்.

ஆனால் இதெல்லாம் எஞ்சின் சுழன்றால்தான் நடக்கும். வீட்டு வாசலில் நிறுத்திய இடத்திலேயே மூழ்கி, யாரும் சாவியைத் திருகாமல் விட்ட வண்டியில் ராடு எப்படி வளையும்? ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றி நீரை வெளியேற்ற வேண்டும். பால் விட்ட காப்பிபோல் வெளுத்துப்போன ஆயிலை வடித்து, புதிது ஊற்றி, சற்று ஓடவிட்டு அதையும் வடிக்க வேண்டும். மின்சுற்றுகளின் கதை வேறு. எஞ்சினைப் பொறுத்தவரை இந்த வண்டிக்கும், இடுப்பளவு நீரில் ஓட்டிப்போய் நின்றதும் பதற்றத்தில் நான்கு முறை ஸ்டார்ட் செய்து பார்த்த வண்டிக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. இரண்டுக்கும் ஒரே மதிப்பீட்டுத் தாளை நீட்டுகிறார்கள் என்பதே நமது முதல் குற்றச்சாட்டு.

இரண்டாவது வண்டிக்கும்கூட அளவுகோல் உண்டு. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சியில் எந்த உயரத்துக்கு வருகிறது என்று அளக்கலாம். மூன்று ஒன்றுபோலிருந்து நான்காவது அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் அந்த ராடு வளைந்திருக்கிறது. ராடு, பேரிங், ரிங், கேஸ்கட் ஆகியவற்றை மாற்றி, கிராங்க் நேராக இருக்கிறதா என்று லேத் பட்டறையில் சோதித்துப் பூட்டினால் வேலை முடிந்தது. அதைச் செய்யாமல் ஓட்டினால் வளைந்த ராடு ஒருநாள் முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பிளாக்கில் ஓட்டை விழுந்தபின் நமக்கும் வாதமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இதைவிடக் கசப்பான விஷயம் துரு. உள்ளே நீர் தேங்கிய எஞ்சினில் சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பு சில நாட்களிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். வாரங்கள் போனால் குழிவிழும், ரிங்குகள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வரிசை நீளம், ஆளில்லை, சர்வேயர் வரவில்லை என்று முற்றத்தில் நிறுத்தி வைக்கப்படும் வண்டி, வந்து சேர்ந்த அன்று பிழைக்கக்கூடியதாக இருந்திருக்கும். முறை வந்து திறக்கும்போது "பார்த்தீர்களா, நாங்கள் அன்றே சொன்னோம்" என்பார்கள். சொன்னது மெய்யாகும்படி காத்திருந்தார்கள் என்று நாம் சொன்னால் கோபம் வரும். அந்தப் பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட எவ்வளவு நேரமாகும் என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

புது எஞ்சின் என்ற சொல் மதிப்பீட்டுத் தாளில் ஏறியவுடன் இன்னொரு கணக்கும் தொடங்கிவிடுகிறது. பழுதுபார்க்கும் செலவு காப்பீடு செய்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி 'டோட்டல் லாஸ்'. எட்டாண்டு ஓடிய சிறிய கார் 2,40,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்யப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், எல்லை 1,80,000. புது எஞ்சினின் விலையோடு இருக்கை, மின்கம்பிகள், கூலி எல்லாம் சேர்ந்தால் எல்லையைத் தாண்டுவது எளிது. ராடும் பேரிங்கும் மாற்றுவதாக எழுதியிருந்தால் அதே வண்டி தப்பியிருக்கும். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் 'தொடர்விளைவு' என்று சொல்லி, எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் பிரிவு வாங்காதவர்களுக்குக் கைவிரிப்பதும் வழக்கம்தான். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை ஏற்றி நிறுத்தினார்களே, அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்தத் தாள்களைப் படித்ததில்லை.

பணிமனைத் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. இன்றைய அலுமினிய பிளாக்குகள் பலவற்றில் சிலிண்டர் சுவர் மெல்லிய உறைதான்; பழைய அம்பாசடர் எஞ்சினைப்போல ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போட அதில் இடம் குறைவு. தயாரிப்பாளரே பெரிய அளவுப் பிஸ்டன் விற்காத மாடல்களும் உண்டு. அத்தகைய எஞ்சினில் சுவர் குழிவிழுந்துவிட்டால் மாற்றுவதே நேர்மையான முடிவு. ஆனால் சுவர் குழிவிழுந்ததா என்பது திறந்தபின் தெரிகிற சங்கதி.

நம் நண்பர்களையும் விட்டுவைக்க முடியாது. "அந்தக் காலத்து மெக்கானிக் காதால் கேட்டே சொல்லிவிடுவார்" என்று உருகுகிறவர்களும் கடைசியில் அளக்காமல் தீர்ப்பு எழுதுபவர்கள்தாம், முகம் மட்டும் கொஞ்சம் அன்பானது. செலவைக் குறைக்கப் புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் வாங்கச் சொல்வதும் இவர்களே. அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து இறங்கியது? அதே வெள்ளத்தில் டோட்டல் லாஸ் ஆகி ஏலம்போன வண்டியாகக்கூட இருக்கலாம். அதையும் திறந்துதான் பார்க்க வேண்டும் என்றால் கையிலிருப்பதைத் திறந்தால் என்ன? போதாக்குறைக்குப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து அதைத் திருத்தியாக வேண்டும். எண் பொருந்தாத வண்டியை விற்கப் போகும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது.

அடுத்த மழை வருவதற்குள் வாசகர்கள் இதை மனத்தில் குறித்துக்கொள்ளட்டும். வண்டி மூழ்கினால் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். இழுவை வண்டியில் கொண்டுபோங்கள். அன்றைக்கே பிளக்குகளைக் கழற்றச் சொல்லுங்கள். மாற்ற வேண்டும் என்று சொன்னால் நான்கு பிஸ்டன்களின் உயரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் அதே இழுவை வண்டியைத் திரும்ப அழையுங்கள்.