கேம்பஸுக்குள்ளே ஓர் ஆறு ஓடுது பாஸ்!

உங்க காலேஜ் வாசல்ல ‘பசுமை வளாகம்’னு போர்டு இருக்கா? பக்கத்துல புல்தரை, அதுக்கு நடுவுல ‘புல்லை மிதிக்காதீர்’னு இன்னொரு போர்டு, ஆய்வுக் குழு வர்றதுக்கு முந்தின வாரம் அவசரமா நட்ட நாலு செடி... எல்லாம் இருக்குமே!

புது பிளாக், புது லேப், ஆராய்ச்சி மையம்னு இப்போ கேம்பஸ் எல்லாம் புதுசாகிட்டு இருக்கு. சந்தோஷம். ஆனா, தூத்துக்குடி மாதிரி ஊர்ல கேம்பஸைப் புதுசாக்கணும்னா, முதல்ல கேட்க வேண்டியது கட்டடம் பத்தி இல்லை... தண்ணி பத்தி!

வெயிலும் காத்தும் சேர்ந்து உப்பு விளையற பூமி இது. வருஷத்துக்குச் சராசரியா 65 செ.மீ. அளவுக்குத்தான் மழை. அதே மாவட்டத்துலதான் 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 செ.மீ.க்கு மேல கொட்டித் தீர்த்துச்சு. கஞ்சத்தனம் பண்றதும் அதே வானம், ஊதாரித்தனம் பண்றதும் அதே வானம்!

‘அதான் மழைநீர் சேகரிப்பு இருக்கே’ங்கறீங்களா? 2003-லயே தமிழ்நாட்டுல கட்டாயமாக்கிட்டாங்க. கண்டிப்பா வேணும். ஆனா, கால்குலேட்டரைக் கொஞ்சம் எடுங்க.

1,000 சதுர மீட்டர் மொட்டை மாடி. ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழை பெஞ்சா 1 லிட்டர் தண்ணி. 650 மி.மீ.க்கு ஆறரை லட்சம் லிட்டர். வீணாகறது போக 80 சதவிகிதம்னு வெச்சா, 5.2 லட்சம். நூறு பேர் இருக்கற ஹாஸ்டல்ல ஆளுக்கு 135 லிட்டர்னா, ஒரு நாளைக்கு 13,500 லிட்டர். அப்போ, மொத்த மழையும் 38 நாளைக்குத்தான். அம்புட்டுதேன்!

இப்போ தலைகீழா பாருங்க. செலவாகற தண்ணியில 80 சதவிகிதம் கழிவுநீரா வெளியே போகும்னு சிவில்காரங்க கணக்கு வெச்சிருக்காங்க. தினம் 10,800 லிட்டர். லீவு போக 300 நாளைக்கு 32 லட்சம் லிட்டருக்கு மேல! மாடியில பிடிக்கற மழையைப் போல ஆறு மடங்கு. நிஜமாவே ஓர் ஆறு... நம்ம பாத்ரூம்ல இருந்து கிளம்பி சாக்கடையில கலக்குது.

சென்னை ஐ.ஐ.டி-யில வளாகக் கழிவுநீரைச் சுத்திகரிச்சு மறுபடி பயன்படுத்தறாங்க. யாரும் குடிக்கச் சொல்லலை, பதறாதீங்க! ஃப்ளஷ்ஷுக்கும் மரத்துக்கும் எதுக்குங்க நல்ல தண்ணி? குளிக்கிற தண்ணிக்குத் தனி லைன், டாய்லெட்டுக்குத் தனி லைன் போட்டா, முதல் லைன்ல வர்றதைச் சுத்தம் பண்றது ரொம்ப சுலபம். சரளைக்கல் படுகையில கல்வாழை நட்டே பாதி வேலையை முடிச்சுடலாம். ஆனா, கட்டி முடிச்ச கட்டடத்துல குழாயைப் பிரிக்கணும்னா சுவரை உடைக்கணும். பிளான் பேப்பர்ல இருக்கும்போதே கேட்டா, கூடுதலா ஒரு பைப் செலவோட போயிடும். அதனாலதான் சொல்றேன்... இப்பவே கேட்கணும்!

‘இதுல படிப்பு எங்கே வருது?’ இதுதான் படிப்பே! சிவில் பசங்க குழாயைப் பார்க்கட்டும். கெமிஸ்ட்ரி பொண்ணுங்க தண்ணியோட உப்பை டெஸ்ட் பண்ணட்டும். எலெக்ட்ரானிக்ஸ் ஃப்ளோ மீட்டர் மாட்டட்டும். காமர்ஸ் லாப நஷ்டம் போடட்டும். காசு கொடுத்து ரெடிமேடா வாங்கற ஃபைனல் இயர் புராஜெக்ட்டைவிட இது ஆயிரம் மடங்கு கெத்து!

ஊர்ப் பிரச்னையையே ஆராய்ச்சியாக்கறது தூத்துக்குடிக்குப் புதுசும் இல்லை. இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-ல முடிஞ்சுது. 1973-ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே.அழகர்சாமி, இதே தூத்துக்குடியில முத்துச் சிப்பிக்குள்ளே முத்தை வளர்த்துக் காட்டினார். அலை அரிச்சுச் சுருங்கிட்டிருந்த வான் தீவைக் காப்பாத்த, 2015-க்குப் பிறகு கடலுக்கு அடியில செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கினாங்க. அதுலயும் ஐ.ஐ.டி. மெட்ராஸோட பங்கு இருக்கு.

ஒரு சிக்கலையும் மறைக்காம சொல்லிடறேன். சுத்திகரிப்பு நிலையம் கட்டறது ஈஸி, ஓட்டறதுதான் கஷ்டம். ரிப்பன் வெட்டின ஆறாவது மாசம் மோட்டார் ரிப்பேர்னா, யாரும் கண்டுக்க மாட்டாங்க. கண்டுக்க வைக்கறதுதான் நம்ம வேலை. ‘இந்த வாரம் எத்தனை லிட்டர் வாங்கினோம், எத்தனை லிட்டரைத் திருப்பிப் பயன்படுத்தினோம்’னு ரெண்டே ரெண்டு நம்பர். அந்தப் ‘பசுமை வளாகம்’ போர்டுக்குக் கீழேயே சாக்பீஸ்ல எழுதுங்க.

முதல் வாரம் ரெண்டாவது நம்பர் பூஜ்யமாத்தான் இருக்கும். பரவாயில்லை, எழுதுங்க மக்களே!