விதியின் பேரால் விடுதலை பெறுவோர்

நாஸ்திகர் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்முடைய கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களில் முதலில் கோபமும் அடுத்து அச்சமும் எழுந்துவிடுவதால், அவர் உண்மையில் என்ன சொல்கிறார், அவர் சொல்வதில் எது நம் ஈமானைத் தொடுகிறது, எது ஈமானின் போர்வைக்குள் ஒளிந்திருக்கும் நம் சோம்பலைத் தொடுகிறது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை நமக்கு வாய்ப்பதே அரிதாகிவிட்டது. மாவடிப்பள்ளியில் பிறந்து, ஐவேளைத் தொழுகையின் ஒழுங்கிலே வளர்ந்து, இன்றும் அந்த ஒழுங்கை விடாதவனாகிய நான், மதச்சார்பற்றோர் சமயத்தின் மீது தொடுக்கும் கண்டனங்களுள் ஒன்றை நாம் அவசியம் செவிமடுத்தே ஆகவேண்டும் என்று கருதுகிறேன். மனிதர் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதனால் நேர்ந்த கேட்டை இறைவனின் கணக்கில் எழுதிவிட்டு எழுந்து போகிறீர்கள் என்பதே அந்தக் கண்டனம். கடவுள் உண்டா இல்லையா என்ற விசாரத்தில் எந்தப் பக்கம் நிற்பவரும் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்தவர்களுக்கு நத்தாரின் மறுநாள், பௌத்தர்களுக்குப் போயா தினம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்த கணத்துக்கும், மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் அலை வீடுகளின் மேல் ஏறிய கணத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. பசுபிக் சமுத்திரத்துக்கு 1949ஆம் ஆண்டு முதலே ஹவாயில் எச்சரிக்கை நிலையம் ஒன்று இயங்கிவந்தது. இந்து சமுத்திரத்துக்கு அப்படியொன்று இருக்கவில்லை. ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாக ஒடுங்கிய நிலக்கீற்றில், சுவரோடு சுவர் ஒட்ட வீடு கட்டி, அலையின் விளிம்பு வரை நெருங்கிக் குடியிருந்த நம் ஜனங்களுக்கு ஓடுவதற்கு வழியும் இருக்கவில்லை, ஓடுங்கள் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிர்களை அன்று இழக்கவில்லை.

மண்ணின் ஈரம் காயுமுன்பே வியாக்கியானங்கள் வந்து சேர்ந்தன. தொழுகையை விட்டதனால் வந்த தண்டனை என்றார்கள். பெண்களின் உடையினால் வந்தது என்றார்கள். தர்காக்களில் கொடியேற்றியதனால் வந்தது என்று ஒரு சாராரும், அவற்றைப் பழித்ததனால் வந்தது என்று மறு சாராரும் சொன்னார்கள். களுத்துறைக் கடலில் பின்வாங்கிய அலையின் செய்மதிப் படத்தில் அல்லாஹ்வின் திருநாமம் அரபு எழுத்தில் தெரிகிறது என்று ஒருவர் காட்ட, அந்தப் படம் நாடெங்கும் கைக்குக் கை மாறிற்று. இது நம்முடைய பலவீனம் மாத்திரமன்று. அலையில் அசையாது நின்ற புத்தர் சிலைகளைப் பற்றித் தென்னிலங்கை அதிசயித்தது. மாத்தறையில் ஞாயிறு ஆராதனைக்குக் கூடியிருந்த தேவாலயத்துக்குள்ளேயே கடல் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிருக்க, கடலோடு போன மாதாவின் சுரூபம் மீண்டு வந்ததே பேசப்பட்டது. ஆச்சே மாகாணத்தில் சூழ இருந்த வீடுகளெல்லாம் துடைத்தழிக்கப்பட்டபோது சில பள்ளிவாசல்கள் தப்பி நின்றதையும் பெரும் அத்தாட்சியாகக் கொண்டாடினார்கள்; கீழ்த்தளத்தில் சுவர் குறைந்து, பருத்த தூண்கள் நிறைந்து, திறந்த வெளியாக இருந்த கட்டடங்களின் ஊடாக நீர் தடையின்றிப் பாய்ந்து சென்றது என்று பொறியியலாளர் சொன்ன காரணம் எவர் காதிலும் ஏறவில்லை. அந்தக் காரணத்தைச் செவியேற்றிருந்தால் நம் கரையில் அடுத்து எழுந்த பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் எவ்வாறு கட்டவேண்டும் என்ற பாடம் கிடைத்திருக்கும். அத்தாட்சியாக மாத்திரம் கொண்டாடியதால் அந்தப் பாடம் கைநழுவிப் போயிற்று.

இந்த விவாதம் உலகத்துக்குப் புதிதன்று. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று, லிஸ்பன் நகரத்துத் தேவாலயங்கள் ஜனத்தினால் நிரம்பியிருந்த காலைப்பொழுதில் பூமி அதிர்ந்து, கடல் ஏறி, தீயும் மூண்டு நகரம் அழிந்தது. இருப்பதெல்லாம் நன்மைக்கே என்று போதித்துவந்த தத்துவத்தை வால்டேர் அந்த இடிபாடுகளின் மேல் நின்று கேள்வி கேட்டார். அவருக்கு மறு ஆண்டில் மறுப்பு எழுதிய ரூசோ, இறைவனுக்காக வாதாடியவாறே இன்னொரு உண்மையையும் எடுத்துக்காட்டினார்: ஆறு மாடி ஏழு மாடி வீடுகளை இருபதாயிரக் கணக்கில் ஓரிடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையின் செயலன்று. நம்பிக்கையாளர் ஒருவரின் பேனாவிலிருந்தே மனிதப் பொறுப்பு என்ற கருத்து அங்ஙனம் வெளிப்பட்டது என்பது என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்துவது. மந்திரி பொம்பால் ஒவ்வொரு திருச்சபைப் பகுதிக்கும் வினாக்கொத்து ஒன்றை அனுப்பி, அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா வடிந்ததா, எத்தனை வீடுகள் விழுந்தன என்றெல்லாம் விசாரித்து எழுதிவரச் செய்தார்; நிலநடுக்க விஞ்ஞானத்தின் ஆரம்பங்களில் ஒன்று அது. மலகிரீதா என்ற இயேசு சபைக் குருவானவரோ இயற்கைக் காரணங்களைப் பேசுவதே பாவம், அவ்வாறு பேசினால் ஜனங்கள் மனந்திரும்பமாட்டார்கள் என்று துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். 1761இல் அந்த முதியவரை மரண தண்டனைக்கு உள்ளாக்கினார்கள். அதன் பின்னால் நின்றது பொம்பாலின் அதிகாரமே. பகுத்தறிவின் பக்கம் நின்றவர் செய்த அந்தக் கொடுமையை நான் மறைக்க விரும்பவில்லை.

நம்முடைய மார்க்கத்தின் சரித்திரத்திலோ இந்தக் கேள்வி லிஸ்பனுக்கு ஆயிரம் ஆண்டுகள் முந்தியே எழுந்துவிட்டது. உமையாக்களின் ஆட்சியில், நாங்கள் அரியணையில் இருப்பதும் உங்கள் பொருளை எடுப்பதும் இறைவனின் விதி என்று ஆட்சியாளர் சார்பில் சொல்லப்பட்டபோது, மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி என்று மஃபத் அல் ஜுஹனீயும், பின்னர் கைலான் அத் திமிஷ்கீயும் வாதிட்டார்கள், இருவரும் கொல்லப்பட்டார்கள். கலீபா அப்துல் மலிக்குக்கு ஹஸன் அல் பஸ்ரீ எழுதியதாக வழங்கும் கடிதமும் பாவத்தை இறைவன்மேல் சுமத்துவோரையே மறுக்கிறது. அவர்களுக்கும் முன்னர், அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய ஷாமுக்குள் நுழையாது திரும்பிய கலீபா உமர், விதியிலிருந்து ஓடுகிறீரா என்று அபூ உபைதா கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறேன் என்ற கருத்துப்படப் பதிலளித்தார். தப்பித்துக்கொள்வதும் கத்ர் என்னும் இறைவிதியின் உள்ளேயே அடங்குவதுதான் என்ற அந்த நுட்பமான தீர்ப்பு, வெள்ளிக்கிழமை குத்பாக்களில் எத்தனை தடவை சொல்லப்பட்டாலும் நம் நிர்வாகங்களின் மூளைக்குள் இறங்கியதாகத் தெரியவில்லை. பகுத்தறிவை உயர்த்திப் பிடித்த முஃதஸிலாக்களுடைய கொள்கையைக் கலீபா மஃமூன் 833இல் அரசாங்கக் கட்டளையாக்கியபோது, அதற்கு இணங்காத இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் பிற்பாடு கசையடி பட்டார் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பழைய விவகாரங்களை நான் கிளறுவதற்குக் காரணம் நம் ஊர் வாசலிலேயே இருக்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி, வங்காள விரிகுடாவின் தாழமுக்கத்தினால் மழை இடைவிடாது கொட்டி, வயல்வெளியெல்லாம் வெள்ளக்காடாகக் கிடந்தபோது, மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்குத் தங்கள் வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் நீரின் வேகத்தில் அள்ளுண்டது. சிலர் காப்பாற்றப்பட்டார்கள், ஏனைய சிறுவர்களும் உடன் சென்ற பெரியவர்களும் மய்யித்துகளாகவே மீண்டார்கள். நீரில் மூழ்கி இறப்பவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று நம் மார்க்கம் சொல்கிறது. அந்தத் தாய்மார்களின் காதில் அதைச் சொன்னவர்கள் செய்தது புண்ணியம். எந்தத் தர்க்கவாதியும் அந்த ஆறுதலைப் பறிக்கத் துணியலாகாது. பறித்துவிட்டு அந்த இடத்தில் வைப்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை.

ஆனால் தாய்க்குச் சொன்ன அதே வாக்கியத்தை வீதிக்குப் பொறுப்பானவரும், பயணத்துக்கு அனுமதித்தவரும், மாரிதோறும் நீர் குறுக்கறுத்துப் பாயும் அந்த இடத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்த நாமும் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும்போது அது ஆறுதல் என்ற நிலையிலிருந்து இறங்கிக் குற்றவாளிக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரமாகிவிடுகிறது. பாலம் ஏன் உயர்த்தப்படவில்லை, வீதி ஏன் உரிய வேளையில் மூடப்படவில்லை, சிறுவர்களை ஏன் ஓரிரவு தங்கவைக்க இயலவில்லை என்று கேட்பவன் கத்ரை மறுப்பவனாக ஆகமாட்டான். சுனாமிக்குப் பின்னும் இதுவே நடந்தது. அலையை அனுப்பியவன் இறைவன் என்றே வைத்துக்கொண்டாலும், அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் எழுந்த 500 வீடுகள், எந்த இனத்தாருக்கு எத்தனை என்ற வழக்கில் அகப்பட்டுப் பல்லாண்டுகள் ஆளின்றிப் பாழடைந்ததற்கு எந்த மலக்கும் வந்து கையெழுத்திடவில்லை.

நாஸ்திகரின் வாதம் இத்துடன் நிற்பதில்லை என்பதை நான் அறிவேன். சர்வ வல்லமையும் சர்வ கருணையும் உடைய ஒருவன் அந்தச் சிறுவர்களை ஏன் காக்கவில்லை என்று அவர் மேலும் கேட்பார். இமாம் கஸ்ஸாலி முதல் இன்றைய ஆலிம்கள் வரை எழுதியவற்றில் என்னால் இயன்றதைப் படித்த பின்பும், பிள்ளையைப் பறிகொடுத்தவனின் முன்னால் நின்று வாதமாகச் சொல்லத்தக்க பதில் என்னிடம் இல்லை. என் நம்பிக்கை அந்தப் பதிலின்மேல் எழுப்பப்பட்டதன்று என்று மாத்திரமே சொல்ல இயலும். பதில் கைவசம் இருப்பதுபோல் நடிப்பதைவிட இவ்வாறு சொல்வதே நேர்மை.

இலங்கையில் இத்தகைய கேள்விகளை ஒரு வாழ்நாள் வேலையாகச் செய்தவர் கலாநிதி ஆபிரகாம் கோவூர். 1898இல் திருவல்லாவில் ஒரு கிறிஸ்தவக் குருவானவரின் மகனாகப் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்து, ஓய்வுபெற்ற பிறகு பேய்வீடுகளையும் சாமியாடிகளையும் நேரிலே சென்று சோதித்தவர். மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளின் கீழ் அற்புதசக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் காலமாகும் வரை அதை வென்றவர் எவருமில்லை. அவருடைய முடிவுகள் எல்லாவற்றோடும் நான் உடன்படுகிறேன் என்றில்லை. ஆவிகளைச் சோதித்த அளவுகோல் ஆன்மாவுக்கும் போதும் என்று அவர் எண்ணியது என்னைத் திருப்தி செய்யவில்லை. எனினும் தாயத்துக்கும் பேயோட்டலுக்கும் பணத்தைக் கொட்டிய ஏழைக் குடும்பங்களுக்கு அவர் செய்தது, பல பிரசங்கங்கள் செய்யாத தொண்டு.

அத்தகைய ஒருவர் இன்று நம்மிடையே தோன்றினால் என்ன ஆவார் என்று நினைக்கையில் என் மனம் கோயம்புத்தூருக்குச் செல்கிறது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, திராவிடர் விடுதலைக் கழகத்தில் சேர்ந்து, கடவுள் மறுப்பைப் பேசிவந்த ஃபாரூக் என்ற இளைஞர் 2017 மார்ச் மாதத்தில் அங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். மகனின் பாதையில் தாமும் செல்வதாக அவருடைய தந்தை அறிவித்தார். கேள்வியைக் கொன்றுவிடலாம் என்று நினைத்தவர்கள் ஒரு வீட்டில் இருந்த ஈமானையும் சேர்த்தே கொன்றார்கள். நம் கரையிலோ இறைமறுப்பைச் சொல்லவும் தேவையிருக்கவில்லை. காத்தான்குடியில் ஸூபித்துவத்தைப் போதித்த ஒரு மௌலவியும் அவரைப் பின்பற்றியோரும் மார்க்கத்தைத் துறந்த முர்தத்துகள் என்று 1979இல் ஃபத்வா வழங்கப்பட்டது. அந்த முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு வளர்ந்த பகைமை, 2017 மார்ச்சில் அவ்வூர் அலியார் சந்தியில் நடந்த மோதலில் வாளாக நின்றது. அந்த மோதலின் பின் தலைமறைவான ஸஹ்ரான் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி தேவாலயங்களையும் ஹோட்டல்களையும் குண்டுகளால் சிதைத்த கூட்டத்துக்குத் தலைவனாக நின்றான். ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதில், நம் கூப்பிடு தூரத்தில், அவர்களுடைய குழந்தைகளே அவர்களுடைய குண்டுகளுக்கு இரையானார்கள். முதலில் வாய்மூடப்பட்டவர் நாஸ்திகர் அல்லர், வேறு விதமாக நம்பியவர் என்பதைக் கவனியுங்கள்.

மத உணர்வைக் காக்கச் சட்டத்தைத் துணைக்கழைப்போரும் இருக்கிறார்கள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் வரையறையற்ற சுதந்திரத்தை வழங்குகிறது. அதே நாட்டில், ஒரு சிறுகதைக்காகச் சக்திக சத்குமார 2019இல் சிறைப்பட்டார். தீவிரவாதத்தைக் கண்டித்துத் தமிழில் கவிதை எழுதிய அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதத்தில் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் தடுத்துவைக்கப்பட்டு, 2023இல் குற்றமற்றவராக விடுவிக்கப்பட்டார். மத உணர்வைக் காக்க என்று ஒப்படைக்கப்படும் ஆயுதம் பெரும்பான்மையோரின் கையில்தான் போய்ச் சேரும். அதை வேண்டிக் கோஷமிடும் முதல் சமூகமாக நாம் இருப்பது விவேகமாகாது.

ஆதாரத்தைக் கேட்கும் கோவூரின் பழக்கம் நமக்கே அரணாக நின்ற காலமும் உண்டு. 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி, கொவிட் தொற்றில் இறந்தோர் யாவரையும் எரிக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கத்தை அனுமதித்திருந்தது, வைரஸியல் பேராசிரியர் மலிக் பீரிஸ் அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்றார், எவரும் கேட்கவில்லை. டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் நம் மனுக்களைத் தள்ளியது. அடுத்த சில நாட்களில் பிறந்து இருபது நாளேயான ஒரு சிசு எரிக்கப்பட்டது. அதே மாதத்தில், காளி தேவியின் அருளால் கிடைத்ததென்று சொல்லப்பட்ட கேகாலைப் பாணி மருந்தைப் பெற ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். சுகாதார அமைச்சரே அதைப் பருகினார். அந்நாட்களில் நம் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் ஆலிம்களும் அரசாங்கத்திடம் கேட்டதெல்லாம், கோவூர் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சாமியாடிகளிடம் கேட்ட அதே ஒன்றைத்தான்: சொல்வதை நிரூபியுங்கள். ஜனாஸாவை அடக்கும் மார்க்கக் கடமைக்காக நாம் அன்று முன்வைத்த பிரமாணங்களுள் மிகவும் வலுவானவை ஆய்வுகூடங்களிலிருந்து வந்தவை. அவற்றைத் தந்தவர்களுள் எந்த மதத்தையும் சாராதவர்களும் இருந்தார்கள். 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி மாற்றப்பட்டு, மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன; பாதுகாப்பான அடக்கத்தினால் நீருக்குக் கேடில்லை என்ற ஆய்வைச் சுட்டிக்காட்டி, 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.